அப்ப நீ ஊசி போட மாட்டியா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் பீடோங்கில் ஒரு பழைய கிண்டல் உண்டு. "எங்க அப்பா ஆர்வார்ட்ல படிச்சவரு" என்று யாராவது ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எந்த டிவிசன்?" என்பார். ஊரை ஒட்டி, டிவிசன் டிவிசனாகப் பிரிந்திருக்கும் ஆர்வார்ட் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருப்பார் அந்த அப்பா. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகின. ஆட்கள் சுங்கைப்பட்டாணிக்கும் பினாங்குக்கும் வேலை தேடிப் போனார்கள். கிண்டல் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

அதே ஊர்ப்பக்கம் செமிலிங்கில், ஜெராய் மலை தெரியும் தூரத்தில், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்ஐஇடி 2001-இல் தொடங்கியது. வெள்ளைக் கோட்டு மாட்டிய பிள்ளைகளைக் கடைத்தெருவில் பார்த்துப் பார்த்து, மெடிசின் என்றால் என்ன, அதற்கு எத்தனை வருடம், கடன் எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் எங்கள் ஊர் ஆண்ட்டிகளுக்கு அத்துப்படி. அதற்கு மேலே என்ன என்று கேட்டால்தான் குழப்பம். நான் உயிர்மருத்துவத்தில் ஆய்வு எம்எஸ்சி முடித்துவிட்டு வந்த வாரம், கோயிலில் ஓர் ஆண்ட்டி கையைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர் முடிச்சிட்டியாமே. அப்ப பெரிய டாக்டர்தானே?"

"இல்ல ஆண்ட்டி, நான் லேப்."

"அப்ப நீ ஊசி போட மாட்டியா?"

போட மாட்டேன். ஏன் போட மாட்டேன் என்பதை நாலு வருடமாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் என் பெரியப்பாவின் ரத்தத்தைப் பார்ப்போம். அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். வீட்டில் விரலில் குத்திப் பார்த்தால் மில்லிமோல் கணக்கில் 11, 12 என்று காட்டும். அது அதிகம். கிளினிக்கில் மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் எச்பிஏ1சி எடுத்தால் கட்டுக்குள் இருப்பது போல 6.2 விழுக்காடு என்று வரும். தாளைப் பார்த்தவருக்கு ஒரே சந்தோஷம். ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டார். கிளினிக்கில் இருந்த இளம் டாக்டருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. சர்க்கரை, சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அதனால்தான் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்துக் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்ல முடிகிறது. ஆனால் தலசீமியா மாதிரி ஏதாவது ரத்தக் குறைபாடு இருந்து அணுக்கள் சீக்கிரமே அழிந்துபோனால்? சர்க்கரை ஒட்டுவதற்கு அவகாசமே கிடைக்காது. எண் குறைவாக வரும், நோய் குறைந்திருக்காது.

இப்போது மூன்று பேர் இந்த ஒரே ரத்தத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர், "இந்த மனிதருக்கு நாளைக்கு என்ன மருந்து தருவது?" என்று கேட்கிறார். இன்னொருவர், "இந்த ஹீமோகுளோபினில் எது மெஷினை ஏமாற்றுகிறது?" என்று கேட்கிறார். மூன்றாமவருக்கு, "நம் கோலமூடா மாவட்டத்தில் இவரைப் போல எத்தனை பேர்?" என்பதுதான் கேள்வி. மருத்துவ மேற்படிப்பு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இந்த மூன்று வெவ்வேறு பிழைப்புகள். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைச் செய்ய முடியாது. எங்கள் ஊரில் பல வீடுகளில் பணம் வீணாகப் போனதற்குக் காரணம் இந்த ஒரு விஷயம் தெரியாததுதான்.

முதல் கேள்விக்காரர் போகும் வழி மிக நீளம். ஐந்து வருட எம்பிபிஎஸ், ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இரண்டு வருட ஹவுஸ்மென்ஷிப், பிறகு மெடிக்கல் ஆபீசராகச் சில வருடம், அதன்பின் நுழைவுத் தேர்வு, நேர்காணல் தாண்டி நான்கு வருட மாஸ்டர். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம், குபாங் கிரியானில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூஎஸ்எம் ஆகியவை இதில் பழைய கைகள். பெயர்தான் மாஸ்டர். வகுப்பறையில் உட்காரும் படிப்பு அல்ல. பகலில் வார்டு, இரவில் ஆன்-கால், இடையில் ஒரு சிறிய ஆய்வேடு. உள்நாட்டு மாஸ்டர் வேண்டாம் என்றால், ஆஸ்பத்திரி வேலையைச் செய்துகொண்டே எம்ஆர்சிபி மாதிரியான பிரிட்டிஷ் ராயல் காலேஜ் தேர்வுகளை எழுதலாம். இதற்குப் பேரலல் பாத்வே என்று பெயர். இரண்டில் எதில் போனாலும் தேர்வோடு முடிவதில்லை. மேற்பார்வையில் வேலை பார்த்து, தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 2017 ஜூலையிலிருந்து இது சட்டம். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த வழியில் கூட்டநெரிசல் என்பது டாக்டர் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தெரியும். 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்தபோது, அவர்கள் கறுப்புச் சட்டையோடு வார்டுகளைவிட்டு வெளியே வந்து நின்றதற்கு நிரந்தர வேலை மட்டும் காரணம் இல்லை. நிபுணர் பயிற்சிக்கான கதவு தங்களுக்குச் சாத்தியிருக்கிறது என்பதும் அவர்களின் குறை. ஆகையால் "எம்பிபிஎஸ் முடிச்சதும் உடனே மாஸ்டர் சேர்த்துடலாம்" என்று யாராவது ஏஜென்ட் சொன்னால், எந்த மாஸ்டர் என்று கேளுங்கள். அது பெரும்பாலும் வேறொரு மாஸ்டராக இருக்கும்.

மூன்றாவது கேள்விக்காரரைச் சட்டென்று சொல்லிவிடலாம். பொதுச் சுகாதாரம், தொற்றுநோயியல், புள்ளியியல். பாடவகுப்பு முறையில் ஒன்றோ ஒன்றரையோ வருடம். 2019-இன் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும் இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காட்டினருக்கும் இனிப்புநீர் என்று வந்ததே, அந்த எண்களை உருவாக்குகிறவர்கள் இவர்கள்தான். மூன்றில் ஒருவர் என்று மேடைகளில் நாம் சொல்லும்போது அது யாரோ வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு என்பது நினைவில் இருப்பதில்லை.

நடுவில், இரண்டாவது கேள்வியோடு நிற்பவள் நான். உயிர்மருத்துவம், உயிர்த்தொழில்நுட்பம், மருந்தியல் படித்தவர்கள் வரும் பாதை இது. சில டாக்டர்களும் வருவார்கள். ஆய்வு எம்எஸ்சி என்றால் பாடம் மிகக் குறைவு. ஒரு கேள்வி, ஒரு மேற்பார்வையாளர், இரண்டு வருடம் என்று சொல்லி மூன்றாக இழுக்கும் காலம், கடைசியில் ஓர் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும். அதையே இன்னும் ஆழமாக, இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லும் அளவுக்குக் கொண்டுபோனால் பிஎச்டி. அப்போது பெயருக்கு முன்னால் டாக்டர் வரும். அப்போதும் ஊசி கிடையாது ஆண்ட்டி.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. மெடிசினுக்கு இடம் கிடைக்காத பிள்ளையை "முதல்ல பயோமெட் எடு, மாஸ்டர்ல மாத்திக்கலாம்" என்று சேர்த்துவிடுகிறார்கள். மாற்ற முடியாது. பட்டத்தின் பெயரில் கிளினிக்கல் என்று எத்தனை முறை வந்தாலும் அது நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தரும் உரிமையைத் தராது. அந்த உரிமை முதல் பட்டத்திலிருந்தும் பதிவிலிருந்தும்தான் வருகிறது. பயோமெட் பட்டதாரிகளுக்கு 774-ஆம் சட்டம், அதாவது 2016-இன் துணை சுகாதாரத் தொழில் சட்டம், இருக்கிறது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை செய்ய அதன் கீழ் பதிவு வேண்டும். உங்கள் பட்டம் அங்கே ஏற்கப்படுமா என்று சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பட்டமளிப்பு விழாவில் போட்டோ எடுத்த பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

அப்படி லேப்பில் என்னதான் செய்கிறாய் என்று என் தம்பியே கேட்டான். ஒரு நாளைச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் எட்டு வரிசை, பன்னிரண்டு நிரல், மொத்தம் 96 குழிகள். ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் எலைசா என்னும் சோதனை. அளவு தெரிந்த எட்டுக் கரைசல்களை இரண்டிரண்டாக விட்டால் 16 குழி போய்விடும். மிச்சம் 80. ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு குழி என்றால் ஒரு தட்டில் 40 பேர். ஒவ்வொரு குழியிலும், துளியை அளந்து விடும் பிப்பெட்டால், 50 மைக்ரோலிட்டர் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி. ஒரு துளி என்று நாம் சொல்வதே சாதாரணமாக அது. கழுவு, அடுத்ததை விடு, காத்திரு, மறுபடி கழுவு. கடைசியில் நிறமிடும் கரைசலை விட்டதும் குழிகள் ஒவ்வொன்றாக நீலமாகும். அமிலம் விட்டால் சட்டென்று மஞ்சள். அந்த மஞ்சளின் அடர்த்தியை மெஷின் அளந்து எண்ணாகத் தரும்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கைதான் இன்று பிப்பெட் பிடிக்கிறது என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டும் ஒன்று அல்ல. என் பாட்டி உளியை ஆழமாக இறக்கிவிட்டால் மரத்தில் காயம் அப்போதே தெரியும். கங்காணி வந்து கத்துவார், அதோடு முடிந்தது. நான் ஏழாவது நிரலில் ஒரு குழியைத் தவறவிட்டால் அது நாலு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சில சமயம் தெரியவே தெரியாது, ஆய்வேட்டில் ஓர் எண்ணாகப் போய் உட்கார்ந்துவிடும். இந்தப் படிப்பு கற்றுத்தருவதில் பாதி, தன் எண்ணைத் தானே சந்தேகப்படுவது. இரண்டு குழியில் ஒரே ரத்தத்தை விடுவதற்கும் அதுதான் காரணம்.

காசுக் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு எலைசா கிட் சில ஆயிரம் ரிங்கிட். அதை மாணவர் வாங்க முடியாது. மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்துதான் வரவேண்டும். மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கும் ஆய்வு உதவியாளர் பணமும் அதே மானியத்திலிருந்துதான். முன்பு மைபிரெய்ன்15 என்று அரசாங்கத் திட்டம் ஒன்று எம்எஸ்சி, பிஎச்டி கட்டணத்தைக் கட்டியது. அந்தக் காலத்தில் சேர்ந்த அக்காக்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு என்ன ஆனது என்றால், இரண்டாம் வருடம் தொடங்கியபோது மேற்பார்வையாளர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். மானியம் முடிந்திருந்தது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கிட் நாலு மாதம் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்தால் உலர்பனி முழுவதும் ஆவியாகி, வெறும் ஈரம். அதைத் திருப்பி அனுப்பி, சண்டை போட்டு, மறுபடி வாங்க இன்னொரு மாதம். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் இந்தக் கதை ஒன்றாவது இருக்கும்.

அதனால் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த லேப்பில் இப்போது படிக்கும் சீனியரைப் போய்ப் பாருங்கள். பேராசிரியர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். மானியம் கையில் இருக்கிறதா, இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆயிற்று என்று கேளுங்கள். ரத்த மாதிரிகள் இருக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குக் கரண்டு போனால் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. பதில் சொல்லத் தெரியாத லேப் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை புழுங்கல் அரிசிக் கதை. இது எங்கள் ஆட்களின் சோற்றுப்பானையிலிருந்து தொடங்குகிறது. நூற்றிருபது வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாக அள்ளிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிகளுக்கு வந்தது, தோட்டத்துத் தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். சரி, ஆனால் அது வெறும் கவனிப்பு. சீனருக்கும் தமிழருக்கும் இடையே அரிசி மட்டுமா வேறு? இடம் வேறு, வேலை வேறு, இன்னும் எவ்வளவோ.

அதைப் பிரித்துக் காட்டியவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். 1905-இன் கடைசியில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஒன்று இரண்டு என்று எண்ணினார். ஒற்றைப்படைக்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படைக்காரர்கள் மறுபக்கம். ஒரு பக்கத்துக்குத் தீட்டிய அரிசி, இன்னொரு பக்கத்துக்குப் புழுங்கல். மற்ற சாப்பாடு ஒன்றே. தீட்டிய அரிசிப் பக்கம் பெரிபெரி வரிசையாகச் சாய்த்தது. புழுங்கல் பக்கம் புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. 1907-இல் லான்செட் இதழில் வெளியானது. பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளிகளிடம் இதையே செய்து பார்த்து, குற்றவாளி அரிசியில் சேரும் விஷம் அல்ல, தீட்டும்போது போய்விடும் ஏதோ ஒரு சத்து என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தச் சத்தை 1926-இல் ஜாவாவில் இருவர் பிரித்தெடுத்தார்கள். இன்று அதற்குப் பெயர் வைட்டமின் பி1. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நம் பாட்டிகள் காரணம் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கொசுக் கதையும் இப்படித்தான். கடலோரச் சதுப்பில் காட்டை வெட்டி வெளிச்சம் விட்டால் மலேரியா குறைந்தது. அதையே மலையடிவாரத் தோட்டத்தில் செய்தால் மலேரியா கூடியது. ஒரே வேலை, நேர் எதிரான பலன். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக் காரணத்தைக் கண்டார். கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு நிழலில் முட்டையிடுவது. மலையோரத்தில் பரப்பிய மேக்குலேட்டஸ் கொசுவுக்கு வெயில் படும் ஓடைதான் வேண்டும். ரப்பர் நடுவதற்குக் காட்டை அழித்தவர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஜெராய் அடிவாரத்தில் பிறந்தவளுக்கு இதைப் படித்தபோது எங்கள் பெரிய தாத்தா காய்ச்சலில் போன கதை வேறு மாதிரி கேட்டது.

நம் காலத்திலும் உண்டு. 1998 கடைசியிலும் 1999-லும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்தும் தடுப்பூசியும் தொடர்ந்தன. ஆனால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பன்றியோடு புழங்கும் பெரியவர்களையே அது பிடித்தது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர் 1999 மார்ச்சில் பிரித்தெடுத்தது புதிய வைரஸ் என்று தெரிந்த பிறகுதான் பண்ணைகள் பக்கம் வேகம் திரும்பியது. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுங்கை நிப்பா என்ற சின்னக் கிராமத்தின் பெயர் உலக வைரஸ் பட்டியலில் ஏறியது. யூஎஸ்எம்மில் உருவான டைஃபிடாட் என்னும் டைஃபாய்டு சோதனை, அங்கேயே யானைக்கால் நோய்க்காக உருவான பிருகியா ரேப்பிட் சோதனை இரண்டும் இந்த நடுப்பாதைக்காரர்களின் வேலை. யானைக்கால் புழு ஒன்றின் பெயரிலேயே மலாய் இருக்கிறது, பிருகியா மலாயி.

ஃபிளெட்சரின் கதையில் ஒரு நெருடல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வரிசையில் நின்றவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிபெரி வரும் பக்கத்தில் நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மறுக்க முடியாதவர்கள். 1947-இல் நியூரம்பர்க் நெறிகளும் 1964-இல் ஹெல்சின்கி பிரகடனமும் வந்த பிறகுதான் "கேட்காமல் எடுக்காதே" என்பது விதியானது. இன்று மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரி நோயாளியிடம் ஆய்வு செய்ய வேண்டுமென்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். நாம் ஜிசிபி என்னும் ஆய்வு ஒழுங்குப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். மாணவர்கள் இதைப் பேப்பர் வேலை என்று திட்டுவார்கள். நானும் திட்டினேன்.

பிறகு ஒப்புதல் படிவம். மலாய், ஆங்கிலம், தேவைப்பட்டால் சீனம், தமிழ். தமிழ்ப் படிவத்தை எனக்கு முன்னால் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். "இவ்வாய்வில் தாங்கள் தன்னிச்சையாகப் பங்குபற்றுவதோடு, யாதொரு பாதகமுமின்றி எக்கணமும் விலகிக்கொள்ளும் உரிமையுடையவராவீர்." கிளினிக்கில் ஒரு பாட்டியிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர், பழைய தோட்டத்துக்காரர். முழுவதும் கேட்டுவிட்டு, "யாரு செத்துட்டா?" என்றார்.

தாளைக் கீழே வைத்தேன். "பாட்டி, உங்க ரத்தம் கொஞ்சம் வேணும். ரெண்டு டீஸ்பூன் இருக்கும். சக்கரை சோதனை உங்க மாதிரி ஆளுங்களுக்குச் சரியா காட்டுதான்னு பாக்கணும். குடுக்க இஷ்டம் இல்லன்னா வேணாம். மருந்து அதே மாதிரி குடுப்பாங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"ரத்தம் எங்க போகும்?"

"ஐஸ் பொட்டியில வைப்போம் பாட்டி."

"பொட்டியில என் பேரு எழுதுவீங்களா?"

"பேரு எழுத மாட்டோம். யாரோடதுன்னு வெளிய தெரியக்கூடாது. நம்பர்தான்."

பாட்டி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார். "தோட்டத்துல காலையில ஆள் எண்ணுற பெரட்டுலயும் நம்பர்தாம்மா. நாப்பது வருசம் நூத்திப் பதினாலு. அதையே போட்டுக்கோ."

அதைப் போட முடியாது, வரிசைப்படி வருவதைத்தான் போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தார். குழாயில் 047 என்று ஒட்டினேன்.